மூன்றாம் வரிசை ஜன்னலோரம்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் ஒருநாளாவது எவனாவது மீறியிருப்பான். எழுதாமல் விட்டதால்தான் ஒருவரும் மீறவில்லை. முன்னால் நான்கு வரிசை ஸ்டாஃப். அதற்குப் பின்னால் மெஷின் ஓட்டுகிற எங்களைப் போன்ற ஆபரேட்டர்கள். மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் காலையில் நான் ஏறும்போது பஸ் முக்கால்வாசி காலியாக இருக்கும். இருந்தாலும் நேரே கடைசி வரிசைக்குத்தான் போவேன். மறைமலை நகர் ஃபேக்டரி கேட் வரைக்கும் முன் சீட் ஒன்று காலியாகவே வந்தாலும், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிற காண்ட்ராக்ட் ஆள்கூட அதில் உட்கார மாட்டான். புதிதாக வந்தவன் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் டிரைவர் ஞானையா அண்ணன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். அது போதும்.

கடைசி வரிசையில் வலது ஓரம் நான். எனக்குப் பக்கத்தில் தயாளன். இருவரும் ஒரே நாளில் பிரஸ் ஷாப்பில் டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள். காருக்கு அடியில் போகும் இரும்புப் பட்டைகளை அடித்து எடுக்கிற வேலை. அவன் பெருங்களத்தூரில் ஏறுவான். ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்வான். வண்டலூர் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவான். அவன் தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் என் யூனிஃபார்மின் இடது தோளில் வட்டமாகப் படிந்து கிடக்கும். என் மனைவி மஹாலட்சுமி துவைக்கும்போதெல்லாம் அவனைத் திட்டுவாள். எனக்கு அது ஒரு தொந்தரவாகவே தெரிந்ததில்லை. சிநேகிதன் என்று இருந்தால் எண்ணெய் ஒட்டத்தான் செய்யும். பிறகு அவனே என் தங்கை ஜெயப்ரியாவைக் கட்டிக்கொண்டான். மச்சான் மச்சான் என்று விளையாட்டுக்குக் கூப்பிட்டது நிஜமாகவே மச்சான் ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு லைன் சூப்பர்வைசர் வேலை காலியானது.

இருவரும்தான் பரீட்சை எழுதினோம். அவனைவிட எனக்கு மார்க் அதிகம் என்று இன்றுவரை நம்புகிறேன். யாரும் மார்க்கைக் காட்டாததால் அந்த நம்பிக்கைக்கு இதுவரை ஆபத்து வரவில்லை. தயாளனுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை பெருங்களத்தூரில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினான். ஏறியவன் பழக்கதோஷத்தில் ரெண்டடி பின்னால் நடந்து வந்தான். ஞானையா அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். சட்டென்று நின்று, மூன்றாம் வரிசையில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

நான் கடைசி வரிசையில் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். "வணக்கம் சா...ர்!"

பஸ்ஸே சிரித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அவனும் சிரிக்கத்தான் முயன்றான், ஆனால் வாய் ஒத்துழைக்கவில்லை. அன்றைக்குத் திரும்பியதோடு சரி. முன் சீட்டுக்காரர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதை மூடி மறைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த சீட்டின் மேல்தான் என் கண் முழுவதும் இருந்தது. சம்பளம் கொஞ்சம் கூடும், அது கிடக்கட்டும். ஆனால் அந்த ஜன்னலோரம்! காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் போகும்போது வெளிச்சம் அவன் மேல் மட்டும் விழும். வெள்ளைச் சட்டை பளீரென்று இருக்கும். நாங்கள் பின்னால் குண்டும் குழியும் குலுக்கிப் போடுகிற இடத்தில், டீசல் புகையில், ஒருவன் டிபன் பாக்ஸ் இன்னொருவன் மடியில் கவிழ உட்கார்ந்திருப்போம். வெயில் அடித்தால் எல்லோரும் வலது பக்கமாக நெருக்கிக்கொள்வோம். அவன் மட்டும் தனியாக, ராஜா மாதிரி.

போதாததற்கு ஒரு இங்கிலீஷ் பேப்பர். உட்கார்ந்ததும் அதை விரித்து முகத்துக்குப் பக்கத்தில் ஜன்னலை ஒட்டித் தூக்கிப் பிடித்துக்கொள்வான். மறைமலை நகர் வரைக்கும் கீழே இறக்க மாட்டான். ஐ.டி.ஐ.யில் இங்கிலீஷ் என்றாலே வயிற்றுவலி என்று லீவு எடுத்தவன் இவன். எனக்குத் தெரியாதா?

"அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரில கொட புடிப்பானாம்" என்றேன் பக்கத்தில் இருந்தவர்களிடம். "நம்மாளு காலங்காத்தால பேப்பர் புடிக்கிறான்."

"பேப்பர் சார்" என்று பெயர் வைத்ததும் நான்தான். நல்ல பெயர். ஒரே வாரத்தில் ஷாப் முழுக்கப் பரவிவிட்டது. அவன் பஸ்ஸில் ஏறியதும் பின்னாலிருந்து எவனாவது "இன்னா பேப்பர் சார், இன்னா நியூஸு?" என்று குரல் கொடுப்பான். அவன் காதில் விழாத மாதிரி பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பான்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை அவனும் ஜெயப்ரியாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். என் அம்மா கங்கையம்மாள் வஞ்சிரம் வாங்கி வருவாள். மீனில் நடுத்துண்டு என்று ஒன்று இருக்கிறது. முள் குறைவு, சதை அதிகம், வறுத்தால் ஓரம் மொறுமொறுவென்று வரும். அது மாப்பிள்ளைக்கு. எனக்கு வால்.

"நீ வூட்டுப் புள்ளடா. அவரு சூப்ரவைசரு. கேவலமா போட முடியுமா?" என்பாள் அம்மா.

மஹாலட்சுமி என் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தயாளன் அண்ணனுக்கு இன்னா கொம்பா மொளைச்சிகீது? நீங்க மட்டும் இன்னாத்துக்கு அப்டியே கீறீங்க?" என்பாள். முதல் பாதி எனக்கு ஆறுதல், இரண்டாம் பாதி எனக்கு அடி. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல அவளால் மட்டும்தான் முடியும்.

தயாளன் அந்த நடுத்துண்டைத் தின்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஆசையாகக்கூடத் தின்ன மாட்டான். செல்போன் வந்துகொண்டே இருக்கும். "எஸ் சார், எஸ் சார், நாளைக்கு முடிச்சிடலாம் சார்" என்று கொல்லைப்பக்கம் போய் நின்று பேசுவான். திரும்பி வருவதற்குள் மீன் ஆறியிருக்கும். அதிலும் எனக்கு எரிச்சல்தான். ஆறவிட்டுத் தின்கிறவனுக்கு எதற்கு நடுத்துண்டு?

அந்த வருடம், 2008 ஆயுத பூஜைக்கு, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்த பிறகு, கேன்டீனில் பட்டிமன்றம் வைத்தார்கள். அக்கவுண்ட்ஸ் லக்ஷ்மிநாராயணன் சார் நடுவர். தலைப்பு: வாழ்க்கையில் கடினமானது ஏறுவதா, இறங்குவதா? ஏறுவதே என்ற அணியில் தயாளனைப் போட்டார்கள். இறங்குவதே என்று பேச நானே பெயர் கொடுத்தேன். ஏறாதவனுக்கு ஏறுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

நான் நன்றாகப் பேசினேன். "ஏறுகிறவனைத் தூக்கிவிடப் பத்து கை வரும். இறங்குகிறவனுக்கு ஏற்கெனவே பிடித்திருந்த கையும் நழுவிப்போகும். பதவியில் இருந்தபோது கும்பிட்டவன் பதவி போனபிறகு குசலம்கூட விசாரிக்க மாட்டான்" என்றேன். சொல்லும்போது தயாளனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

தயாளனுக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி வந்ததை மறந்துவிட்டான். "ஏறும்போது மேல கீறவன் எடம் குடுக்க மாட்டான். கீழ கீறவன் கால வுடமாட்டான். அவ்ளோதான் சார்" என்று சொல்லி இறங்கிவிட்டான்.

அதற்கும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் சில பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குப் பார்க்க வேண்டும்? நான் அவன் காலைப் பிடித்தா இழுத்தேன்? லக்ஷ்மிநாராயணன் சார் முன்வரிசையில் இருந்த பெரிய மேனேஜரைப் பார்த்துக்கொண்டே, ஏறுவதும் கடினம், இறங்குவதும் கடினம், கம்பெனி வளர்ந்தால் எல்லாருமே வளரலாம் என்று தீர்ப்பு சொன்னார். அந்தத் தீர்ப்புக்குப் பட்டிமன்றமே வேண்டியதில்லை.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் ஆர்டர் படுத்துவிட்டது. அமெரிக்காவில் எதுவோ திவால், அதனால் இங்கே கார் விற்கவில்லை என்றார்கள். ஒரு ஷிஃப்ட்டை நிறுத்தினார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கடைசியில் லைன் சூப்பர்வைசர்கள் பக்கம் வந்தார்கள். சீனியர் ஒருவர் போதும். மற்றவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம், இல்லையென்றால் பழையபடி ஆபரேட்டராக மெஷினுக்குத் திரும்பலாம். ஒருவர் கணக்கை முடித்துக்கொண்டு போனார். தயாளன் மெஷினுக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டான்.

அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் அம்மா அழுதாள். மஹாலட்சுமிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருந்தது. கீழே இருந்தால் சிரித்துவிடுவேனோ என்று பயம்.

மறுநாள் காலை பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வரிசை ஜன்னலோரம் காலியாக வந்துகொண்டிருந்தது. பெருங்களத்தூரில் அவன் இனி கடைசி வரிசைக்கு நடந்து வந்தாக வேண்டும், ஸ்டாஃப் முகங்களைக் கடந்து, நாங்கள் எல்லோரும் பார்க்க. அந்த நடையைப் பார்க்க நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டிய வார்த்தையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். "வா மச்சான், கீழ எடம் நெறய கீது." பக்கத்து சீட்டில் என் பையை வைத்திருந்தேன். அவன் கேட்கட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று.

ஏறினான். பழைய சாம்பல் நிற யூனிஃபார்ம். சூப்பர்வைசராக இருந்த காலத்தில் வயிறு போட்டுவிட்டதால் நடுப் பொத்தான் மாட்டவில்லை, உள்ளே பனியன் தெரிந்தது. ஞானையா அண்ணன் கண்ணாடியில் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். தயாளன் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஸ்டாஃப்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது. பாதி பஸ் வந்ததும் ஒருவன் காலை மடக்கி வழிவிட்டான். இன்னொருவன், "வாண்ணா" என்றான். வேறொருவன் அவன் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

கையெல்லாம் நழுவும் என்று பட்டிமன்றத்தில் பேசியவன் நான். இங்கே ஒவ்வொரு சீட்டிலிருந்தும் ஒரு கை வந்துகொண்டிருந்தது.

என் முன்னால் வந்து நின்றான். சீட்டில் என் பை இருந்தது. நான் எடுக்கவில்லை. வாயில் வைத்திருந்த வார்த்தையும் வரவில்லை. பஸ் வண்டலூர் பாலத்தை நெருங்கும்வரை அப்படியே நின்றான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிறகு அவனே குனிந்து பையைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

"தள்ளு மச்சான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஊரப்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிட்டான். என் தோளில், வாயைத் திறந்துகொண்டு. நேற்று பதவியிலிருந்து இறக்கிவிடப்பட்டவன் தூங்குகிற தூக்கமா அது? குழந்தை தூங்குகிற மாதிரி தூங்கினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவன் விழுவதைப் பார்க்க நான் இரவெல்லாம் கண் விழித்திருந்தேன். இவன் விழுந்த கையோடு குறட்டை விடுகிறான். ஏறுவதிலும் என்னை முந்தினான், இப்போது இறங்குவதையும் என்னைவிட நன்றாகச் செய்கிறான். அன்று சாயங்காலம் யூனிஃபார்மைப் பார்த்த மஹாலட்சுமி, "எண்ணெய் திரும்ப வந்துடுச்சா?" என்றாள். அவள் குரலில் திட்டு இல்லை.

சரி, நடுத்துண்டாவது வரும் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். இப்போது அவனும் ஆபரேட்டர், நானும் ஆபரேட்டர். நான் வேறு வீட்டுப் பிள்ளை. அம்மா அவன் தட்டில் நடுத்துண்டை வைத்தாள். பிறகு இன்னொரு நடுத்துண்டையும் வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"மாப்ள மனசு ஒடிஞ்சி கீறாருடா. இப்ப போய்க் கணக்கு பாத்துகினு" என்றாள்.

மனசு ஒடிந்தவன் இரண்டையும் சூடு ஆறுவதற்குள் தின்றான். செல்போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஜெயப்ரியாவோடு ஏதோ சீரியலைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் தங்கை அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கு வாலில் இருந்த முள் தொண்டையில் குத்தியது.

அப்படியே மாதங்கள் ஓடின. பின் சீட்டு முழுக்க அவன் கச்சேரிதான். பெரிய மேனேஜர் மீட்டிங்கில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுவதை நடித்துக் காட்டுவான். ஸ்டாஃப் ரகசியமெல்லாம் அவன் வாயில் கதையாக வரும். கூடுவாஞ்சேரி சிக்னலில் பஸ் நின்றால் பக்கத்து பஸ்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்புச் சத்தம். முன்பெல்லாம் அந்த இடத்தில் சிரிக்க வைத்தவன் நான். அவனைப் பற்றிக் கிண்டல் பேசித்தான் சிரிக்க வைத்தேன் என்பது வேறு விஷயம். இப்போது கிண்டல் செய்ய முன் சீட்டில் ஆள் இல்லை. பேப்பர் சார் என்ற பெயரையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவன் கதை சொல்லி முடித்ததும் என் தோளில் சாய்ந்து தூங்குவான். நான் விழித்துக்கொண்டு காலியாக வருகிற அந்த மூன்றாம் வரிசை ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். அங்கே வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கும்.

அடுத்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பாக ஆர்டர் திரும்பியது. நிறுத்திய ஷிஃப்ட்டை மறுபடி ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஷாப் மேனேஜர் தேவானந்தம் சார் என்னைத் தன் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"லைன் சூப்பர்வைசர் போஸ்ட் ஓப்பன் ஆயிருக்கு அருண்ராஜ். எடுத்துக்கறியா?" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. "எடுத்துக்கறேன் சார்" என்று அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். அத்தோடு விட்டிருக்கக் கூடாதா அவர்?

"குட். தயாளனத்தான் முதல்ல கேட்டேன். எக்ஸ்பீரியன்ஸ் இருக்கில்ல. வேணாம்னுட்டான். உன் பேரைத்தான் சொன்னான். நல்லா வேலை தெரிஞ்சவன், ரொம்ப நாளா ஆசைப்படறான்னு சொன்னான்."

ரொம்ப நாளாக ஆசைப்படுகிறேனாம். அவனுக்கு எப்படித் தெரியும்? முன் சீட்டில் இருந்த காலத்தில் அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லையே.

நேரே அவன் மெஷினுக்குப் போனேன். பிரஸ் அடிக்கிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இன்னாத்துக்கு வேணாம்னே?"

கையுறையைக் கழற்றாமலே திரும்பினான். "எனக்கு பஸ்ஸுல நல்லா தூக்கம் வருது மச்சான். அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டை எடுத்து வைத்தான்.

இதைவிட என் முகத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். நான் இத்தனை நாள் வயிறெரிந்து, கண் வைத்து, கிடைக்காதா என்று ஏங்கிய பொருளை, தூக்கம் வருகிறது என்பதற்காகத் தள்ளிவிட்டிருக்கிறான். அவன் வேண்டாம் என்றதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. தட்டில் அவன் ஒதுக்கி வைத்த மீன் துண்டு மாதிரி. வேண்டாம் என்று தேவானந்தம் சாரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். அப்புறம் வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மீன். நான் புதுச் சூப்பர்வைசர். அம்மா கரண்டியில் நடுத்துண்டை எடுத்தாள். நான் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். கரண்டி என்னைத் தாண்டிப் போய்விட்டது.

"உனக்கு இன்னாடா கொறச்சல்? நீதான் சூப்ரவைசர் ஆயிட்டியே. மாப்ள நல்லா சாப்டட்டும்" என்றாள்.

ஜெயப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஹாலட்சுமி குழம்பு ஊற்ற வந்தவள் இந்த முறை காதில் எதுவும் சொல்லவில்லை. அதுவரை அவள் சொல்லி வந்ததற்குக்கூட ஏங்கிப்போனேன்.

திங்கட்கிழமை வந்தது. முடிச்சூர் ரோட்டில் வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறினேன். மூன்றாம் வரிசை. ஜன்னலோரம். ஞானையா அண்ணன் கண்ணாடியில் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். சீட் மெத்தென்று இருந்தது. நான் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த குவாலிட்டி ஸ்ரீரங்கன் சார், "குட் மார்னிங். உங்க லைன்ல ரிஜெக்ஷன் ஜாஸ்தியாமே?" என்றார். நான் இன்னும் ஃபேக்டரிக்கே போகவில்லை. அதற்குள் அது என் லைன் ஆகிவிட்டது. செல்போன் அடித்தது. ஷிஃப்ட்டில் ஆள் குறைகிறதாம். "எஸ் சார். பாத்துக்கறேன் சார்" என்றேன்.

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் திரும்பியதும் வெயில் அடித்தது.

இடது பக்கம் கிழக்கு. காலை வெயில் நேராகக் கண்ணில். முன் சீட்டு ஜன்னல்களுக்குத் திரை இல்லை, அகலக் கண்ணாடி. முகத்தைத் திருப்பினால் ஸ்ரீரங்கன் சார் ரிஜெக்ஷன் பற்றி மறுபடி ஆரம்பித்துவிடுவார். கண்ணை மூடினால் இமைக்குள்ளும் சிவப்பாக எரிந்தது. பின்னால் மாதிரி வலது பக்கம் நெருக்கிக்கொள்ளவும் முடியாது. அங்கே அவரவர் சீட். எங்களுக்குள் எழுதாத சட்டம் இருக்கிறதே. பின்னாலிருந்து பார்த்தபோது இது எனக்கு வெயிலாகவே தெரியவில்லை. அவன் மேல் விழுகிற வெளிச்சமாகத்தான் தெரிந்தது.

பெருங்களத்தூரில் தயாளன் ஏறினான். இவனுக்காகவும் நான் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அவன் "வணக்கம் சார்" என்று நக்கலாகச் சொல்லுவான், நான் காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும் என்று. அவன் அப்படிச் சொல்லவில்லை. என் சீட்டுக்கு நேரே வந்ததும் நின்றான். அக்குளில் இடுக்கியிருந்த ஒரு பழைய இங்கிலீஷ் பேப்பரை எடுத்து நீட்டினான். மடிப்பெல்லாம் நைந்து, ஒரு பக்கம் மட்டும் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. தினம் ஒரு பேப்பர் வாங்குகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் இந்த ஒரே பேப்பர்தான்.

"மேல தூக்கிப் புடி மச்சான். மறைமல நகர் வரிக்கும் அடிக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போனான்.

வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வண்டலூர் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் விரித்து, முகத்துக்குப் பக்கத்தில் ஜன்னலை ஒட்டித் தூக்கிப் பிடித்தேன்.

பின்னாலிருந்து எவனோ குரல் கொடுத்தான்.

"இன்னா பேப்பர் சார், இன்னா நியூஸு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பெயரை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் தயாளனின் சிரிப்பைத் தனியாகப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியும். அது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. நக்கல் இல்லை, பழி இல்லை, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரிக்கிற சிரிப்பு. திரும்பி ஒரு வார்த்தை கொடுக்க நாக்கு துடித்தது. ஆனால் முன் சீட்டுக்காரர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை. பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

ஊரப்பாக்கம் தாண்டும்போது பின்னால் சத்தம் அடங்கிவிட்டது. தயாளன் தூங்கியிருப்பான். யார் தோளில் என்றுதான் தெரியவில்லை.